கார் சர்வீஸ் பில்லைப் பாதியா குறைச்ச புத்தகம்: அது உங்க கார்லயே இருக்கு!



உங்க கார் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தா உள்ள என்ன இருக்கும்? ஆர்.சி. காப்பி, இன்சூரன்ஸ் பேப்பர், பழைய டோல் ரசீது, கோயில்ல கொடுத்த விபூதிப் பொட்டலம். எல்லாத்துக்கும் அடியில, கவர் கூடப் பிரிக்காம ஒரு தடிமனான புத்தகம் கிடக்கும். அதுதான் ஓனர்ஸ் மேனுவல்.

கார் வாங்கி அஞ்சு வருஷமா நானும் அதைத் தொட்டதில்லை. போன மாசம்தான் திறந்தேன். ஒரு மணி நேரத்துல 8,800 ரூபாய் மிச்சமாச்சு. அதைவிட முக்கியமான ஒரு விஷயமும் தெரிஞ்சுது.

நடந்தது என்ன?

என்னுடையது சின்ன பெட்ரோல் கார், 42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. வருஷாந்திர சர்வீஸுக்கு விட்டப்போ அட்வைசர் காரை ஒரு சுத்து சுத்தி வந்து, கையில எஸ்டிமேட் கொடுத்தார். வரியோட சேர்த்து 16,450 ரூபாய்.

இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர்: 2,450
ஏர் ஃபில்டர்: 450
ஏசி ஃபில்டர்: 500
லேபர்: 2,000
வீல் அலைன்மென்ட், பேலன்சிங்: 1,400
கூலன்ட் மாத்த: 1,300
இன்ஜின் டீகார்பனைசிங்: 2,500
இன்ஜெக்டர் கிளீனிங்: 1,400
ஏசி கிருமிநாசினி: 1,200
ஆயில் அடிட்டிவ்: 650
அண்டர்பாடி கோட்டிங்: 2,600

"இதெல்லாம் கண்டிப்பா பண்ணணுமா?"ன்னு கேட்டேன். "கம்பெனி சொல்றதுதான் சார்"னார். கம்பெனி என்ன சொல்லுதுன்னு எழுதின புத்தகம் கார்லயே இருக்கேன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. எடுத்துட்டு வந்து வெயிட்டிங் ஹால்ல உட்கார்ந்தேன்.

மேனுவல்ல நீங்க முதல்ல தேட வேண்டியது பராமரிப்பு அட்டவணை. மேல கிலோமீட்டரும் மாசமும் இருக்கும், இடது பக்கம் ஒவ்வொரு பாகத்தோட பேர் இருக்கும். கட்டங்களுக்குள்ள ஒற்றை எழுத்துதான். பெரும்பாலான மேனுவல்கள்ல 'ஐ' போட்டிருந்தா இன்ஸ்பெக்ட், அதாவது பார்த்தா போதும். 'ஆர்' போட்டிருந்தா ரீப்ளேஸ், அதாவது மாத்தணும். சர்வீஸ் பில்லோட ரகசியம் இந்த ரெண்டு எழுத்துலதான் இருக்கு. 'ஐ' இருக்க வேண்டிய இடத்துல 'ஆர்' வந்துட்டா, செலவாகறது உங்க பணம்.

என் கார் அட்டவணையில கூலன்ட்டுக்கு இந்த வருஷம் 'ஐ'தான். மாத்த இன்னும் காலம் இருக்கு. டீகார்பனைசிங், இன்ஜெக்டர் கிளீனிங், கிருமிநாசினி, அடிட்டிவ், கோட்டிங் அஞ்சும் அட்டவணையிலயே இல்லை. இதெல்லாம் எந்தக் காருக்கும் எப்பவுமே தேவைப்படாதுன்னு நான் சொல்லலை. வண்டி இழுக்கலை, மைலேஜ் விழுந்திருக்கு, ஏசியில நாத்தம் வருதுன்னா மெக்கானிக் பார்த்து சொல்லட்டும். எந்தக் குறையும் இல்லாத வண்டிக்கு வருஷா வருஷம் எதுக்கு? இந்த ஆறையும் எடுத்தா 9,650 ரூபாய் குறையுது.

சந்தோஷமா புத்தகத்தை மூடப் போனேன். அப்பதான் பிரேக் ஆயில் வரி கண்ணுல பட்டுது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 'ஆர்'. போன்ல இருந்த பழைய பில் அத்தனையும் எடுத்துப் பார்த்தேன். அஞ்சு வருஷத்துல ஒரு தடவை கூட மாத்தலை. இன்னைக்குக் கொடுத்த எஸ்டிமேட்லயும் அது இல்லை.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அது கொதிக்கற வெப்பநிலை குறையும். மலைப்பாதையில இறங்கறப்போ பிரேக்கைத் தொடர்ந்து மிதிச்சா, சூட்டுல ஆயில் கொதிச்சு ஆவிக் குமிழ் உண்டாகும். அப்புறம் பெடலை மிதிச்சா உள்ள போகும், வண்டி நிக்காது. அடுத்த மாசம் குழந்தைகளோட கொல்லிமலை போறதா இருந்தோம். அங்க 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. மேல சொல்ல வேண்டியதில்லை.

பிரேக் ஆயில் மாத்த 850 ரூபாய். கடைசி பில் 7,650.

என் மாமா பண்ணின தப்பு

என் மாமா ரிட்டயர் ஆனவர். காரை எடுத்தா கோயில், மார்க்கெட், அவ்வளவுதான். வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் கூட ஓடாது. "பத்தாயிரத்துக்கு ஒரு தடவைதானே ஆயில் மாத்தணும், இன்னும் ஓடவே இல்லையே"ன்னு மூணு வருஷம் விட்டுட்டார். கடைசியில ஆயில் தார் மாதிரி கெட்டியாகி, இன்ஜினைத் திறந்து சுத்தம் பண்ணி, சில பாகங்களை மாத்தினதுல 23,000 ரூபாய் போச்சு. வருஷம் மூவாயிரத்துக்குள்ள முடிய வேண்டிய வேலை.

மேனுவல்ல அட்டவணைக்கு மேலயே எழுதியிருக்கும்: கிலோமீட்டர் அல்லது மாசம், எது முதல்ல வருதோ அது. அதுக்குப் பக்கத்துலயே கடினமான சூழல்ல ஓடற வண்டிக்குன்னு தனி அட்டவணையும் இருக்கும். தூசி ரோடு, சிக்னலுக்கு சிக்னல் நின்னு போற டிராஃபிக், இன்ஜின் சூடாகறதுக்குள்ள முடியற குட்டிப் பயணம் எல்லாம் அதுல வரும். சென்னையில ஆபீஸ் போற வண்டியும் மாமாவோட கோயில் வண்டியும் இதுல அடங்கும். அதைப் பார்த்தா சில வேலைகளை இன்னும் சீக்கிரமாவே பண்ண வேண்டியிருக்கும். சிக்கனம்னு நினைச்சு அதைத் தள்ளிப் போடாதீங்க.

இன்னைக்கே பார்க்க வேண்டிய மூணு பக்கம்

ஒண்ணு, ஆயில் கிரேடு. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30ன்னு உங்க இன்ஜினுக்கு எது சரின்னு போட்டிருக்கும். விலை அதிகமான ஆயில் நல்ல ஆயில்னு அர்த்தம் இல்லை. மேனுவல் சொன்ன ஆயில்தான் நல்ல ஆயில். பில்லுல அதே கிரேடு இருக்கான்னு பாருங்க.

ரெண்டு, டயர் காத்து. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், இல்லைன்னா மேனுவல்ல இருக்கும். டயர் ஓரத்துல அச்சடிச்சிருக்கறது அந்த டயர் தாங்கற அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீங்க. காத்து குறைஞ்சா பெட்ரோல் கூடக் குடிக்கும், டயரோட ரெண்டு ஓரமும் தேயும். கூடினா நடுப்பகுதி தேயும். வண்டி ஓடாம டயர் ஆறியிருக்கறப்போ செக் பண்ணுங்க.

மூணு, நீங்களே செய்யற வேலைகள். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர், ஃபியூஸ் மாத்தறது பல கார்கள்ல பத்து நிமிஷ வேலை, மேனுவல்ல படத்தோட இருக்கும். இன்ஜின் சூடா இருக்கறப்போ மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க.

இதுக்கு மேல இறங்கி வேலை பார்க்கறவங்களுக்கு வொர்க்ஷாப் மேனுவல்னு வேற புத்தகம் இருக்கு. இங்கிலாந்துல ஜான் ஹெய்ன்ஸ் 1966ல ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் காருக்குக் கொண்டு வந்த மேனுவல்ல தொடங்கி, காரை முழுசாக் கழட்டி மாட்டிப் பார்த்து எழுதற புத்தகங்கள் அங்க பிரபலமாச்சு. நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். பிரேக், ஸ்டீயரிங் வேலையை மெக்கானிக்கிட்டயே விடுங்க. என்ன வேலை எப்போன்னு தெரிஞ்சாலே நமக்குப் போதும்.

வெளிய சர்வீஸ் விட்டா வாரண்டி போயிடுமா?

எல்லாரும் பயப்படற கேள்வி இது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்ல 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுது. உதிரி பாகங்களும் பழுது கண்டுபிடிக்கற கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காம பண்ணினதுதான் காரணம். வெளிய வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து பண்ணக்கூடாது, அந்த வேலையால வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம்னும் சொல்லுச்சு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. அதனால வாரண்டி முடியற வரைக்கும் அட்டவணைப்படி சர்வீஸ் பண்ணுங்க, வாரண்டி புத்தகத்துல இருக்கற நிபந்தனையைப் படிங்க, ஒரு பில்லைக் கூடத் தூக்கிப் போடாதீங்க. வண்டியை விற்கறப்போவும் அந்த பில்தான் பேசும். தகராறு வந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு.

மாசம் 1,300 எடுத்து வைங்க

அட்டவணை கையில இருந்தா செலவு திடீர்னு வராது. என் கார் கணக்கு: வருஷ சர்வீஸ் 8,000. நாலு டயர் 18,000, அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சா 3,600. பேட்டரி 5,000, நாலு வருஷத்துக்குப் பிரிச்சா 1,250. பிரேக் பேட் மாதிரி சில்லறை வேலைகளுக்கு 2,500. மொத்தம் வருஷத்துக்கு 15,350. மாசம் சுமார் 1,300 ரூபாயை ஒரு ஆர்.டி.யில போட்டா, சர்வீஸ் மாசத்துல கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டாம். உங்க காருக்கு உங்க கணக்கைப் போடுங்க.

மேனுவல் தொலைஞ்சு போச்சா? செகண்ட் ஹேண்ட்ல வாங்கினப்போ கிடைக்கலையா? பல கம்பெனிகள் வெப்சைட்லயே பிடிஎஃப்-ஆ இலவசமா வச்சிருக்காங்க. உங்க மாடலும் வருஷமும் சரியா பார்த்து இறக்குங்க. அட்டவணைப் பக்கத்தை போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க. அடுத்த தடவை ஜாப் கார்டுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு வரிக்கும் "அட்டவணையில இது 'ஐ'யா, 'ஆர்'ஆ?"ன்னு கேளுங்க. அப்படியே பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினோம்னும் கேளுங்க.

நாங்க கொல்லிமலை போயிட்டு வந்துட்டோம். 70 வளைவும் பிரச்சினை இல்லாம இறங்கினோம். மிச்சமான 8,800 ரூபாயிலதான் டீசன்ட்டா ஒரு ரூம் போட்டோம்.

அட்டவணையை எப்படிப் படிக்கறதுன்னு புத்தகத்தைக் கையில வச்சே வீடியோவுல காட்டியிருக்கேன், பாருங்க. கார் வச்சிருக்கற உங்க அப்பாவுக்கும் மாமாவுக்கும் அனுப்பி வைங்க.