முதுமையில் உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை

முதுமையில் உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை என்பது 60 அல்லது 65 வயதைக் கடந்தவர்களுக்கு, கடுமையான உடற்பருமனையும் அதனோடு வரும் நோய்களையும் குறைப்பதற்காக இரைப்பையிலும் சிறுகுடலிலும் செய்யப்படும் அறுவை சிகிச்சையாகும். மருத்துவ வழக்கில் இது பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை எனப்படுகிறது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகுச் சிகிச்சை வேறு, இது வேறு.

அறுவை செய்யும் முறை இளையோருக்கும் முதியோருக்கும் ஒன்றே. ஆனால் பயனை அளக்கும் கோல் மாறுகிறது. நாற்பது வயதில் எத்தனை கிலோ குறைந்தது என்று முதலில் கேட்கிறோம். எழுபதை நெருங்கும் வயதில், எடை குறைந்த பின்பும் தானாக எழுந்து நடந்து தன் வேலைகளைச் செய்துகொள்ளும் வலு உடலில் மிஞ்சுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

அறுவை முறைகள்

இன்று பெருமளவில் செய்யப்படுபவை இரண்டு. இரண்டும் பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் நடைபெறுகின்றன.

ஸ்லீவ் அறுவை: இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காட்டை நீளவாக்கில் வெட்டி அகற்றிவிட்டு, எஞ்சியதைச் சட்டைக் கை போன்ற ஒரு குழாயாக விட்டுவிடுவர். குடலில் கை வைப்பதில்லை. அறுவை நேரம் குறைவு என்பதால் முதியவர்களுக்கு இதைப் பல மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் நெஞ்செரிச்சல் மிகுதியாக உள்ளவர்களுக்கு இது தொல்லையைக் கூட்டக்கூடும்.

இரைப்பை பைபாஸ்: இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் நேராக இணைப்பர். உண்ட உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமல் செல்லும். நீரிழிவுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் இது நன்கு உதவுகிறது. சத்துக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு ஸ்லீவை விட அதிகம்.

இரைப்பை சிறிதாவதால் மட்டும் எடை குறைவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தனர். ஸ்லீவ் அறுவையில் அந்தப் பகுதி அகற்றப்படுவதால் பசி குறைகிறது. உணவு விரைவாகக் குடலை அடைவதால், இன்சுலினைத் தூண்டி வயிறு நிறைந்த உணர்வைத் தரும் ஜி.எல்.பி-1 என்னும் இயக்குநீர் கூடுகிறது. பலருக்கு எடை குறையத் தொடங்கும் முன்பே இரத்தச் சர்க்கரை இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயது வரம்பு தளர்ந்த வரலாறு

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் அறுவை மருத்துவர் 1960களில் இரைப்பை பைபாஸ் முறையை உருவாக்கினார். அதன்பின் நெடுங்காலம் பல மருத்துவமனைகள் 60 வயதைக் கடந்தவர்களுக்கு இவ்வறுவையைச் செய்யத் தயங்கின. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது.

மெடிகேர் என்பது 65 வயதுக்கு மேற்பட்டோருக்கும் இயலாமை உடையோருக்கும் உரிய அமெரிக்க அரசுக் காப்பீடு. அதன் வழியே 1997 முதல் 2002 வரை எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட 16,155 பேரின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2005இல் வெளிவந்தது. அறுவை முடிந்து 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 65 வயதுக்குக் குறைந்தோரில் 2.3 விழுக்காடு, 65ம் அதற்கு மேலும் ஆனோரில் 6.9 விழுக்காடு. இவ்வகை அறுவையைக் குறைவாகச் செய்து பழகிய மருத்துவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

இதைத் தொடர்ந்து 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு இவ்வறுவைக்குப் பணம் தருவதில்லை என மெடிகேர் முதலில் ஒரு வரைவை வெளியிட்டது. ஆனால் 2006 பிப்ரவரியில் வந்த இறுதி முடிவு வேறாக இருந்தது. வயது தடையாக வைக்கப்படவில்லை. மாறாக, தகுதிச் சான்று பெற்ற மையங்களில் செய்தால் மட்டுமே பணம் என்றது. வயதை விட அறுவை செய்யும் கையின் பழக்கத்தைக் கட்டுப்படுத்துவது முறை என்று கருதப்பட்டது.

மேற்கண்ட விழுக்காடுகள் வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்யும் முறை மிகுந்திருந்த காலத்தவை. லேப்ராஸ்கோப்பி பரவிய பின் இறப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. 2022இல் அமெரிக்க வளர்சிதைமாற்ற, பேரியாட்ரிக் அறுவை மருத்துவர் சங்கமும் உடற்பருமன் அறுவைக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் மேல் வயது வரம்பு எதுவும் இல்லை. வயதுக்குப் பதிலாக நோயாளியின் உடல் நலிவையும் பிற நோய்களையும் பார்க்க வேண்டும் என்று அது கூறுகிறது.

யாருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது

உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைச் சுட்டெண் ஆகும். ஓர் எடுத்துக்காட்டு: 158 செ.மீ. உயரமும் 98 கிலோ எடையும் உள்ள 66 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்வோம். 1.58ஐ 1.58ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2.5. 98ஐ அதனால் வகுத்தால் சுட்டெண் சுமார் 39.

மேற்சொன்ன வழிகாட்டுதலின்படி, சுட்டெண் 35ஐ எட்டியவர்களுக்கு அறுவையைப் பரிந்துரைக்கலாம். நீரிழிவு போன்ற வளர்சிதைமாற்ற நோய் இருந்தால் 30 முதலே கருதலாம். ஆசியர்களுக்கு 27.5இலேயே அறுவை பற்றிப் பேசத் தொடங்கலாம். குறைந்த எடையிலேயே நம்மவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்துவிடுவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

எனவே எண்ணளவில் நம் எடுத்துக்காட்டுப் பெண் தகுதியுடையவரே. ஆனால் சுட்டெண் எடையைத்தான் சொல்கிறது. அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று சொல்வதில்லை. வயது ஏற ஏறத் தசை கரைந்து கொழுப்பு அந்த இடத்தைப் பிடிக்கிறது. பருத்த உடலுக்குள் மெலிந்த தசை ஒளிந்திருக்கலாம்.

இதை அறிய எளிய சோதனைகள் உள்ளன. தசையிழப்பு பற்றிய ஆசியப் பணிக்குழு 2019இல் வகுத்த அளவுகளின்படி, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும், இயல்பான நடை விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்தாலும் உடலின் செயல்திறன் குறைந்துள்ளது எனக் கொள்ளலாம். முழங்கால் வலியாலும் நேரம் கூடலாம் என்பதால் கைப்பிடி வலுவையும் சேர்த்து மருத்துவர்கள் பார்ப்பர்.

பயன்கள்

எடை குறைவதால் முதியவர்கள் முதலில் உணர்வது மூட்டுகளின் ஆறுதலை. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வில், உடலில் குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைவது தெரியவந்தது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, உயர் இரத்த அழுத்தம், கல்லீரலில் கொழுப்புப் படிவது ஆகியவையும் குறைகின்றன.

நீரிழிவைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்வது நல்லது. நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு மருந்தே தேவையில்லாத நிலை வரலாம். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை இருந்து இன்சுலின் போட்டுவருபவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. மருந்தின் அளவு குறைவதே அவருக்குப் பெரிய பயன்.

ஆயுள் நீள்கிறதா என்னும் கேள்விக்கு அடிக்கடி சுட்டப்படும் சான்று, 1987இல் தொடங்கிய சுவீடன் நாட்டு நீண்டகால ஆய்வு. அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு குறைந்ததை அது 2007இல் காட்டியது. ஆனால் அதில் சேரும்போது அவர்களின் வயது 37 முதல் 60 வரை. ஆகவே அதன் முடிவை எழுபது வயதுக்காரருக்கு அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது.

முதுமைக்கே உரிய ஆபத்துகள்

இரத்தக் கசிவு, தையலிட்ட இடத்தில் ஒழுகல், காலில் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்தல் ஆகியவை எவருக்கும் நேரக்கூடியவை. முதியவர்களின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இவற்றைத் தாங்கும் ஆற்றல் குறைவு. இவை தவிர, வீடு திரும்பிய பின் வரும் ஆபத்துகள் சிலவற்றைக் குடும்பத்தார் தெரிந்திருக்க வேண்டும்.

தசையிழப்பு: வேகமாகக் குறையும் எடையில் கொழுப்போடு தசையும் போகிறது. இளைஞர் அதை மீட்டுவிடுவார். முதியவருக்கு அது கடினம். எடைக் கருவியில் முள் இறங்குவதைக் கண்டு வீட்டார் மகிழும் அதே நேரத்தில், அவர் படியேற முடியாமல் போய்க்கொண்டிருக்கலாம்.

எலும்பு மெலிதல்: சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் டி-யும் உடலில் சேர்வது குறைவதால் எலும்பு பலமிழக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், எடை குறைந்ததால் வந்த பயன் முழுவதும் போய்விடலாம்.

குழப்பமும் தள்ளாட்டமும்: அறுவைக்குப் பின் வாந்தி நாட்கணக்கில் நீடித்தால் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைந்து மூளை பாதிக்கப்படும். பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் ஊசி மருந்தால் சரிசெய்ய முடியும். தாமதித்தால் பாதிப்பு நிலைத்துவிடும்.

மருந்துகளில் வரும் மாற்றம்

முதியவர் வீட்டில் மாத்திரைப் பெட்டி இல்லாமல் இருக்காது. அறுவைக்குப் பின் அந்தப் பெட்டியை முழுமையாக மறுபரிசீலனை செய்ய வேண்டும். சர்க்கரை இறங்கும்போது பழைய அளவிலேயே இன்சுலினோ மாத்திரையோ எடுத்தால் தாழ்சர்க்கரை வந்து மயக்கம் வரும். இரத்த அழுத்தம் குறைந்தபின் பழைய மாத்திரைகளைத் தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரும்.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கி இரத்தக் கசிவில் கொண்டுபோய் விடக்கூடும். இதயத்துக்காகத் தரப்படும் ஆஸ்பிரினைத் தொடர்வதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

உணவும் உடற்பயிற்சியும்

தொடக்கத்தில் நீர் உணவு, பின் மசித்த உணவு, பின் மென்மையான உணவு எனச் சில வாரங்களில் படிப்படியாக வழக்கமான உணவுக்குத் திரும்புவர். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. உண்டபின் அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். ஒவ்வொரு கவளத்தையும் நன்றாக மென்று மெதுவாக உண்ண வேண்டும்.

நாள்தோறும் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஓர் இட்லியில் 2 கிராம் அளவே இருக்கும். சுருங்கிய இரைப்பையை இட்லியாலும் கஞ்சியாலும் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமே இருக்காது. ஆகவே முட்டை, மீன், பனீர், தயிர், வேகவைத்துக் குழைத்த பருப்பு ஆகியவற்றை முதலில் உண்டுவிட்டுச் சோற்றுக்குப் பின்னர் வர வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வைட்டமின் பி12, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டியிருக்கும். நடைப்பயிற்சி மட்டும் தசையைக் காக்காது. நாற்காலியில் எழுந்து உட்காருவது, மீள்பட்டையை இழுப்பது போன்ற வலுவூட்டும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் அறுவைக்கு முன்பே கற்றுக்கொண்டு தொடங்குவது சிறந்தது.

செலவும் காப்பீடும்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வரையறுத்த பொது விதிகளின்படி, மருத்துவர் பரிந்துரையும் சிகிச்சை நெறிமுறையும் இருந்து, சுட்டெண் 40ஆகவோ, அல்லது கட்டுக்குள் வராத நீரிழிவு, இதய நோய், கடுமையான மூச்சுத் தடை போன்றவற்றுடன் 35ஆகவோ இருந்தால் மட்டுமே இவ்வறுவையைக் காப்பீட்டில் கோரலாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று அவ்விதி சொல்கிறது. மேல் வயதைச் சொல்லவில்லை. காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறுபடும்.

மாற்று வழிகள்

வாரம் ஒருமுறை ஊசியாகப் போடப்படும் செமாகுளூடைட், டிர்செபடைட் ஆகிய மருந்துகள் உடற்பருமனுக்கென 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அறுவையைத் தாங்க இயலாத முதியவர்களுக்கு இவை ஒரு வழி. ஆனால் இவற்றாலும் தசை குறைகிறது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. மிகவும் நலிந்தவர்களுக்கு, எடையைக் குறைக்க முயலாமல் வலுவைக் கூட்டும் பயிற்சியும் நல்ல உணவும் போதும் என்று மருத்துவர் முடிவு செய்வதும் உண்டு.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: 60 வயதைக் கடந்த எத்தனை பேருக்கு இந்த அறுவையைச் செய்திருக்கிறீர்கள்? எனக்கு ஏன் இந்த முறை, ஏன் மற்றது இல்லை? என் தசை வலுவையும் எலும்பு அடர்த்தியையும் சோதித்தீர்களா? அறுவைக்குப் பின் உணவு ஆலோசகரும் இயன்முறை மருத்துவரும் எத்தனை மாதம் என்னைப் பார்ப்பார்கள்?

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்: முதல் சில மாதங்கள் தனிச் சமையல் செய்து தர யார் இருக்கிறார்கள்? இரவில் வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் யார் அழைத்துச் செல்வார்கள்? எடை குறைந்தபின் நான் எதைச் செய்ய விரும்புகிறேன்? கோயில் படி ஏறுவது, கீழே உட்கார்ந்து எழுவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது எனக் கடைசிக் கேள்விக்கான விடை ஒவ்வொருவருக்கும் வேறாக இருக்கும். அந்த விடையை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு அறுவை தேவையா, வேறு வழி போதுமா என்பதை அவர் அதைக்கொண்டே எடைபோட முடியும்.