அடுக்குருக்கு வாள்

வாளின் அலகிலே நீரோட்டம் போலவும் மரவரி போலவும் தோன்றும் கோலத்தைக் கண்டோர், அதனைத் 'தமாசுக்கசு உருக்கு' என ஒரே பெயரால் வழங்குவர். இப்பெயருள் இருவேறு பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று, மூசையிலே உருகி உறைந்த தனிக்கட்டியினின்று அடிக்கப்படுவது. மற்றையது, பல தகடுகளை உலையிலே பற்றவைத்து ஆக்கப்படுவது. முன்னையதன் வரி, கட்டி உறையும்போது உள்ளே விளைந்த அமைப்பினின்று எழுவது. பின்னையதன் வரி கொல்லன் கையால் அமைவது. ஈண்டுப் பின்னையதன் ஆக்கமுறையை நோக்குவாம்.

இம்முறை ஐரோப்பாவிற் பழமையானது. இங்கிலாந்திலே சட்டன் கூ என்னுமிடத்தில் 1939 இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஏழாம் நூற்றாண்டு வாள், முறுக்கிய கோல்களைப் பற்றவைத்து ஆக்கப்பட்டதென எக்சுக்கதிர்ப் படங்கள் காட்டின.

இக்காலக் கொல்லர், காபன் மிக்க உருக்குத் தகடுகளையும் நிக்கல் கலந்த உருக்குத் தகடுகளையும் மாறிமாறி அடுக்குவர். அடுக்குமுன் ஒவ்வொரு முகத்தையும் துருவும் எண்ணெயும் அறத் தேய்த்தல் வேண்டும். பின்னர்க் கம்பியாற் கட்டி உலையிலிட்டு, செந்நிறமுற்றதும் வெண்காரம் தூவுவர். அஃது உருகிப் பரந்து, காற்றுப் படாது காப்பதோடு, இரும்பின் ஒட்சைட்டையும் கரைத்து இளகச் செய்யும். சதம அளவையில் ஏறத்தாழ 1,200 பாகையில் அடுக்கு மஞ்சளாய் ஒளிரும்போது, பட்டடையில் வைத்து முதலில் மெல்லென அடிப்பர். நடுவிலிருந்து ஓரம் நோக்கி அடித்தாற் கழிவு வெளியேறும். ஓரத்தை முதலில் மூடினால் அது உள்ளே சிறைப்படும். இங்கே உருக்கு உருகுவதில்லை. தூய முகங்கள் நெருங்கி ஒன்றாகின்றன.

பற்றிய கட்டியை நீட்டி, மடித்து, மீண்டும் பற்றவைக்க, அடுக்குகள் இரட்டிக்கும். 7 அடுக்குகள் ஐந்து மடிப்பில் 224 ஆகும். இதற்குள் காபன் தகட்டுக்குத் தகடு பரவிச் சமனாகிவிடும். நிக்கலோ எளிதிற் பரவாது. ஆதலின், முடிந்த அலகை அமிலத்தில் தோய்த்தால் நிக்கல் தகடு வெண்மையாய் நிற்க, மற்றையது கருக்கும். வரி எத்துணை அழகாயினும், உள்ளே மயிரளவு கழிவு தங்கின் அலகு அவ்விடத்திற் பிளக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத பற்றே வாளின் உயிர் என்க.

மூசை உருக்குக்குத் தென்னிந்தியாவும் ஈழமும் பெயர்பெற்றவை. ஒன்பதாம் நூற்றாண்டிலே வாள்களைப் பற்றி நூலெழுதிய அல்கிந்தி, சரந்தீபத்து உருக்கையும் குறித்துள்ளார். 1973 இல் அமெரிக்கக் கொல்லர் வில்லியம் மோரான் அடுக்குருக்குக் கத்திகளைத் 'தமாசுக்கசு' என்னும் பெயராற் காட்சிக்கு வைத்தார். அதன்பின் கத்தி செய்வோரிடையே அப்பெயர் அடுக்குருக்குக்கே பெரிதும் வழங்கலாயிற்று. இரண்டும் உயர்ந்த கலைகளே. பெயரொற்றுமை கொண்டு ஒன்றன் பெருமையை மற்றதன்மேல் ஏற்றுவது, ஈரிடத்துக் கொல்லர்க்கும் இழைக்கும் அநீதியாகும்.