ஈரத்தை எண்ணிச் சொல்லும் உணரி

குளோரின் ஆலையில் எஃகுக் குழாயின் ஆயுளைக் குறைப்பது வாயுவோடு கலந்துவரும் ஈரம்தான். நன்கு உலர்ந்த குளோரினைச் சாதாரண வெப்பநிலையில் எஃகுக் குழாயிலேயே கொண்டுபோகலாம். ஈரம் சேர்ந்தாலோ ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகி எஃகை அரித்துவிடும். அதனால் அடர் கந்தக அமிலத்தால் வாயுவை உலர்த்துகிறார்கள். உலர்ந்துவிட்டதா என்று அறிவதுதான் கடினம். தேட வேண்டியது பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு நடுவே சில நீர் மூலக்கூறுகளை. பரவலாகப் புழங்கும் அலுமினியம் ஆக்சைடு உணரியை வைத்தால், குளோரின் அதையே கெடுத்துவிடும்.

இங்கே கைகொடுப்பது, அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் கைடெல் 1950களில் உருவாக்கிய மின்பகுப்பு உணரி. மெல்லிய குழலுக்குள் இரண்டு பிளாட்டினக் கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே சுருண்டு செல்கின்றன. அவற்றின்மேல் பாஸ்பரஸ் பென்டாக்சைடுப் படலம். உலர்ந்திருக்கும்வரை அதில் மின்சாரம் பாய்வதில்லை. கடந்துபோகும் வாயுவிலுள்ள நீரை உறிஞ்சியதும் படலம் அமிலமாகி மின்சாரத்தைக் கடத்துகிறது. அதே மின்சாரம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து வெளியேற்ற, படலம் மறுபடி உலர்கிறது. ஒரு நீர் மூலக்கூறைப் பிரிக்க இரண்டு எலக்ட்ரான்கள் வேண்டும்; ஆகவே ஃபாரடே விதிப்படி மின்னோட்டமே நீரின் அளவைச் சொல்லிவிடும். நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் வாயு ஓடினால், பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஈரம் ஏறத்தாழ 13 மைக்ரோ ஆம்பியராகத் தெரியும். மற்ற பல உணரிகள் ஒரு பொருளின் மின்தன்மை மாறுவதைப் பார்த்து ஈரத்தை ஊகிக்கின்றன. இது நீரையே எண்ணுகிறது. இதை நான் உயர்வாக மதிப்பது அதனால்தான்.

அப்படியானால் பிழையே வராதா? வரும். வாயு ஓடும் வேகம் பத்து சதவீதம் தவறினால் அளவும் பத்து சதவீதம் தவறும். அம்மோனியா படலத்தோடு வினைபுரியும். அங்கே இதைப் பயன்படுத்தவே கூடாது. ஹைட்ரஜன் வாயுவை அளக்கும்போது, பிரிந்த ஆக்சிஜன் பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜனோடு சேர்ந்து மீண்டும் நீராகும். ஒரே நீர் இருமுறை எண்ணப்படும். ரோடியம் கம்பி இதைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. ஆனாலும் இந்தப் பிழையை உணரியைக் கொண்டே பிடிக்கலாம். வாயுவின் ஓட்டத்தைப் பாதியாக்கினால் மின்னோட்டமும் பாதியாக வேண்டும். ஆகவில்லையென்றால், அந்த மின்னோட்டம் முழுவதும் வாயு கொண்டுவந்த ஈரத்தால் வந்ததல்ல. வெளியிலிருந்து எந்த ஒப்பீட்டுக் கருவியும் இல்லாமல் இப்படிச் சோதிக்க முடிவது பெரிய வசதி.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். குழாய்க்குள் அழுத்தம் அதிகமாக இருந்தாலும் வெளிக்காற்றின் ஈரம் ரப்பர், நைலான் சுவர்களை ஊடுருவி உள்ளே வரும், ஏனெனில் நீராவி தன் பகுதி அழுத்தம் குறைந்த பக்கம் நகரும். உணரிக்கு வாயுவைக் கொண்டுவர, அந்த வாயு அரிக்காத உலோகக் குழாயையே போடுங்கள்.