உங்களுக்குத் தெரியுமா? தடை போட்ட நாடே இழப்பீடு கொடுத்தது!

எம்.எம்.டி. என்பது பெட்ரோலில் கலக்கும் மாங்கனீசுச் சேர்மம். அதன் புகையைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படுமோ என்ற கவலை கனடாவில் எழுந்தது. 1997இல் அதன் இறக்குமதிக்கும் மாகாணங்களுக்கு இடையிலான விற்பனைக்கும் நாடாளுமன்றம் தடை விதித்தது.

அதைத் தயாரித்தது அமெரிக்காவின் எத்தில் கார்ப்பரேஷன். ஈயம் கலந்த பெட்ரோலைப் பரப்பியதும் இதே நிறுவனம்தான்! வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தமான நாஃப்டாவின் 11ஆம் அத்தியாயம், வெளிநாட்டு முதலீட்டாளர் ஒரு நாட்டின் நீதிமன்றங்களைத் தாண்டி நேரே சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போக வழி தந்தது. எத்தில் போனது. தடைச் சட்டம் தன் சொத்தைப் பறிப்பதற்குச் சமம் என்று வாதிட்டு, சுமார் 25 கோடி அமெரிக்க டாலர் கேட்டது.

இதற்கிடையே, கனடாவின் உள்நாட்டு வணிக உடன்பாட்டின்கீழ் ஆல்பர்ட்டா மாகாணம் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி அரசு தோற்றது. 1998 ஜூலையில் கனடா சமரசத்துக்கு இறங்கியது: தடையை நீக்கி, நிறுவனத்துக்கு 1.3 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது. அந்தப் பொருள் தீங்கானது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் அறிவித்தது. மக்களின் வரிப்பணம், மக்களைக் காக்கப் போட்ட சட்டத்துக்காகவே கைமாறியது.

அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு அந்த நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமை இருக்கவில்லை. 2020இல் நாஃப்டாவுக்குப் பதிலாக வந்த ஒப்பந்தம், கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முதலீட்டாளர்கள் இத்தகைய புதிய வழக்குகளைத் தொடுக்கும் வழியை அடைத்தது.