குகை இருட்டில் ஒரு கடிகாரம்

செகிஞ்சான் வயல்வெளிக்கு மேலே அந்தி மங்கியதும் வௌவால்கள் பறக்கத் தொடங்கும். வெளிச்சம் மங்குவதைப் பார்த்துத்தான் கிளம்புகின்றன என்று நினைப்போம். பகலே எட்டாத குகைக்குள் இருக்கும் வௌவாலுக்கு அந்தி வந்தது எப்படித் தெரியும்?

இதைத் துருவிப் பார்த்தவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன். ஜெர்மனியில் எர்வின் பியூனிங்கிடம் உயிர்க்கடிகார ஆய்வு பயின்று வந்தவர். மாணவர்களோடு மதுரைப் பக்கத்துக் குகையில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார். கும்மிருட்டு. ஆனாலும் கூட்டம் இரை தேடக் கிளம்பும் நேரத்தில் கூண்டிலிருந்ததும் சிறகடித்தது. துணையில்லாத குகையில் வைத்தபோது, அதன் நாள் 24 மணி நேரத்தோடு ஒட்டாமல் நழுவிக்கொண்டே போனது. கூட்டத்தின் அசைவுதான் அதற்கு மணி; தோட்டத்தில் பெரட்டு மணி கேட்டு லயமே எழுந்த கதைதான்!

1981இல் முடிவுகள் வெளியாயின. அதோடு விடவில்லை, அதே குகையில் வேறு இன வௌவால் ஒன்றையும் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். அண்டை வீட்டு மணியை அது சட்டை செய்யவே இல்லை. பிற்காலத்தில் பெங்களூரில் பணியாற்றிய சந்திரசேகரன் 2009இல் காலமானார்.