பெட் ஷாப் பாய்ஸ்: ஆள் மாறாத இருவர் அணியின் நான்கு பதிற்றாண்டுகள்

பிரிட்டிஷ் பாப் இசையில் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் பிரியாமல், மூன்றாவது ஆளைச் சேர்க்காமல் இயங்கிவரும் அணி பெட் ஷாப் பாய்ஸ். 1954இல் பிறந்த நீல் டெனன்ட் பாடகர். 1959இல் பிறந்த கிறிஸ் லோ கீபோர்டு வாசிப்பவர். பாடல்களை இருவரும் சேர்ந்தே எழுதுகிறார்கள். சின்தசைசர், டிரம் மெஷின், சாம்ப்ளர் போன்ற மின்னணுக் கருவிகளை நம்பிய ‘சின்த் பாப்’ இசை 1980களின் தொடக்கத்தில் பிரிட்டன் முழுவதும் பரவியது. அந்த அலையில் வந்த பல குழுக்கள் சில ஆண்டுகளிலேயே கலைந்தன. இவர்கள் நிலைத்தார்கள்.

தொடக்கமும் தாமதமும்

1981 ஆகஸ்டில் லண்டன் செல்சியா பகுதியின் கிங்ஸ் ரோட்டில் உள்ள ஒரு மின்னணுச் சாதனக் கடையில் இருவரும் சந்தித்தார்கள். லோ அப்போது லிவர்பூலில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தார். பதிப்பகப் பணியில் இருந்த டெனன்ட், பின்னர் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ பாப் இதழில் சேர்ந்தார். லண்டன் ஈலிங் பகுதியில் செல்லப்பிராணிக் கடையில் வேலை பார்த்த நண்பர்களை வைத்து அணிக்குப் பெயர் அமைந்தது.

1983இல் ‘தி போலீஸ்’ குழுவைப் பற்றி எழுத நியூயார்க் சென்ற டெனன்ட், அங்கே நடன இசைத் தயாரிப்பாளர் பாபி ஆர்லாண்டோவைச் சந்தித்தார். அவர் தயாரித்த, இவர்களது ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ 1984இல் வெளியாகி, அமெரிக்க நடன விடுதிகள் சிலவற்றில் ஓடியது, பிரிட்டனில் எடுபடவில்லை. ஆர்லாண்டோவிடமிருந்து விலகி, 1985இல் பார்லோஃபோன் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார்கள். அங்கு முதலில் வெளியிட்ட ‘ஆப்பர்ச்சூனிட்டிஸ்’ பாடலும் அப்போது தோற்றது.

அடுத்து, ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ பாடலையே தயாரிப்பாளர் ஸ்டீஃபன் ஹேக் புதிதாகப் பதிவு செய்தார். வேகத்தைக் குறைத்தார். தெருச் சத்தத்தோடு பாடல் தொடங்குகிறது. அடிநாதமாக பேஸ் ஒலி நுழைகிறது. சரணங்களைப் பேச்சும் பாட்டும் கலந்த ராப் பாணியில் டெனன்ட் சொல்லிச் செல்ல, பல்லவியில்தான் ராகம் விரிகிறது. 1986 ஜனவரியில் பிரிட்டனிலும் மே மாதத்தில் அமெரிக்காவிலும் அது முதலிடம் பிடித்தது. அதன் காணொளியில் டெனன்ட் நீண்ட கோட்டுடன் லண்டன் தெருக்களில் நடக்க, சில அடி பின்னால் லோ ஒன்றும் பேசாமல் வருவார். சிரிக்காமல், ஆடாமல் நிற்கும் அந்தத் தோற்றமே அணியின் முத்திரையானது.

உச்ச காலம்

1987இல் ‘இட்ஸ் எ சின்’ பிரிட்டனில் முதலிடம் பெற்றது. கத்தோலிக்கப் பள்ளியில் படித்த டெனன்டின் இளமை அனுபவமே அதன் கரு. அதே ஆண்டில், 1960களின் நட்சத்திரமான டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டுடன் பாடிய பாடல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடத்தைத் தொட்டு, அவருக்கு மறுவாழ்வு தந்தது. எல்விஸ் பிரெஸ்லி மறைந்து பத்தாண்டு ஆனதையொட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக எடுத்த ‘ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்’, தனிப்பாடலாக வெளிவந்து அந்தக் கிறிஸ்துமஸ் வாரத்தில் முதலிடத்தில் நின்றது. 1988இல் ‘ஹார்ட்’ நான்காவது முதலிடம்.

அதே ஆண்டு ‘டாமினோ டான்சிங்’ ஏழாம் இடத்தோடு நின்றது. அதற்கு முன் தொட்டதெல்லாம் துலங்கிய காலத்தை டெனன்ட் ‘பேரரசுக் கட்டம்’ என்று வர்ணித்தார். இன்று எந்த நட்சத்திரத்தின் உச்ச காலத்தையும் பாப் விமர்சகர்கள் அந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார்கள்.

பட்டியலுக்கு வெளியே

தனிப்பாடல் பட்டியலில் முதலிடங்கள் நின்ற பிறகும் புதிய களங்கள் திறந்தன. 1989இல் நடந்த முதல் சுற்றுப்பயணத்தின் மேடைத்திரைக்கு இயக்குநர் டெரெக் ஜார்மன் படங்கள் எடுத்துத் தந்தார். 1990இல் மியூனிக்கில் ஹரால்ட் ஃபால்டர்மேயருடன், பழைய அனலாக் சின்தசைசர்களைக் கொண்டு ‘பிஹேவியர்’ ஆல்பம் பதிவானது. எய்ட்ஸால் இறந்த நண்பரை நினைத்து டெனன்ட் எழுதிய ‘பீயிங் போரிங்’ அதில்தான் இடம்பெற்றது. 1993இல் புடைத்த புள்ளிகள் கொண்ட ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் உறையில் வந்த ‘வெரி’, பிரிட்டனில் முதலிடம் பெற்ற அவர்களது ஒரே ஆல்பம். 1994இல் டெனன்ட் தாம் தன்பால் ஈர்ப்பாளர் என்பதை இதழ் நேர்காணலில் வெளிப்படையாக அறிவித்தார்.

2001இல் ‘க்ளோசர் டு ஹெவன்’ இசை நாடகம் லண்டனில் அரங்கேறியது. 2004இல் ஐசென்ஸ்டைனின் மௌனப்படமான ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ ட்ரஃபால்கர் சதுக்கத்தில் திரையிடப்பட்டபோது, அதற்கு எழுதிய இசையை டிரெஸ்டன் இசைக்குழுவினருடன் நேரடியாக வாசித்தார்கள். 2011இல் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் பாலே. 2014இல் பிபிசி புரோம்ஸ் விழாவில் கணிதமேதை ஆலன் டூரிங் குறித்த இசைப்படைப்பு.

பிற்காலம்

2009இல் பிரிட் விருது விழாவில் இசைக்கான தலைசிறந்த பங்களிப்புக்குரிய கௌரவம் கிடைத்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில் பாடினார்கள். 2013இல் பார்லோஃபோனைவிட்டு விலகி, சொந்த முத்திரையில், ஸ்டூவர்ட் பிரைஸ் தயாரிப்பில் மூன்று ஆல்பங்கள் தந்தார்கள். 2022இல் வெற்றிப் பாடல்களை மட்டும் தொகுத்த ‘ட்ரீம்வேர்ல்ட்’ சுற்றுப்பயணம் தொடங்கியது. 2024இல் பார்லோஃபோனுக்கே திரும்பி வெளியிட்ட ‘நன்தலெஸ்’ பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அப்போது டெனன்டுக்கு வயது 69, லோவுக்கு 64.