உங்களுக்குத் தெரியுமா? பனிக்கும் கோடைக்கும் ஒரே கவசம்

ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் ஊதாக் கம்பளம் விரித்தாற்போல் பூக்கும் ஹெதர் என்னும் குறுஞ்செடி, உறைபனியிலும் பசுமை மாறாது நிற்பதாயினும், அதன் பெருஞ்சத்துரு குளிரைக் காட்டிலும் தாகமே. வேர்மண் உறைந்து நீர் மேலேறாத காலத்தில் வறண்ட காற்று இலையின் ஈரத்தைக் கவர்ந்து செல்வதால், நிலத்தில் பிழைக்கும் செடி, நாற்புறமும் குளிர் புகும் மாடித் தொட்டியில் எளிதில் மடிந்துவிடுகிறது. அதன் சுற்றத்துச் செடிகள் பலவும் சிறுத்த இலைகளின் ஓரங்களைக் கீழ்நோக்கிச் சுருட்டி, ஈரம் வெளியேறும் நுண்துளைகளைக் காத்துக்கொள்கின்றன.

இதே உபாயத்தை, திருப்பதிக்கு மேலே சேஷாசல மலையில், கோடையின் உக்கிரத்துக்கு எதிராகக் கையாளும் தாவரம் ஒன்று உண்டு. சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோமின் பெயரால் 1883-ல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமான 'சைக்கஸ் பெட்டோமி' அது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதியன்றி வேறெங்கும் இயற்கையாக வளராத அதன் ஓலையைப் புரட்டிப் பார்த்தால், ஒடுங்கிய இலைக்கூறுகளின் விளிம்புகள் சுருண்டிருப்பதைக் காணலாம். பழைய ஓலைகளின் அடிப்பாகங்கள் செதில் செதிலாய்த் தண்டைப் போர்த்திருப்பதால், காட்டுத்தீ ஓலைகளைக் கருக்கிய பின்னரும் உச்சியிலிருந்து இளங்குருத்து விரிகிறது.

தீயை வென்ற இச்செடிக்கு மனிதன் கைபட்டால் மீட்சி அரிது. ஆதலால் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை (CITES) இதனை முதற்பட்டியலில் வைத்துக் காக்கிறது. மலையேறும் யாத்திரிகர் இதனைக் கண்ணால் கண்டு மகிழ்ந்து, கைபடாது விட்டுச் செல்வதே தர்மம்.